பைக் சீட்டில் வாங்கிய கையெழுத்து

ஒரு நோட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. அட்டையில் 'பள்ளி மேலாண்மைக் குழு - தீர்மானப் பதிவேடு' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவதிலிருந்து கலெக்டருக்கு மனு எழுதுவது வரை என்னிடம்தான் வரும். பள்ளிக்கூடத்து நோட்டும் அப்படித்தான் வந்தது. அதில் என்ன எழுதினேன், யாரிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினேன் என்பதெல்லாம் புதிதாக வந்த தலைமையாசிரியை அதைத் திறந்து பார்க்கும் வரை எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். தென்னையும் கண்மாயும் சிங்கப்பூர் மணியார்டரும் ஊரை ஓட்டிய காலம் ஒன்று உண்டு. இப்போது தென்னை பாதிதான், மணியார்டர் ஜிபேயாகிவிட்டது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. என் அப்பா படித்தார், நான் படித்தேன், இப்போது என் மகள் படிக்கிறாள். 2013இல் அந்தப் பள்ளியில் மொத்தம் 19 பிள்ளைகள். தனியார் பள்ளி மஞ்சள் வேன் காலையில் ஊருக்குள் நுழைந்தால் நிரம்பித்தான் வெளியே போகும். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்போதிருந்த தலைமையாசிரியர், நாங்கள் பெரிய சார் என்போம், சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினார். அவரோடு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டோம். வேனில் போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. 'உங்க பிள்ளைய முதல்ல சேருங்க, அப்புறம் எங்களக் கேளுங்க' என்றார்கள். சேர்த்தோம். 2018இல் எண்ணிக்கை 70ஐத் தாண்டியது. இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மூக்கை நுழைக்கும் வெட்டி ஆட்கள் என்று எங்களை யாரும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் இல்லையென்றால் அந்தப் பள்ளியே இன்று இல்லை. இதை இன்னும் சொல்வேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனபோது சத்துணவுக்கூட ஓடு ஒன்று மிச்சமில்லை. வேப்பமரம் சுற்றுச்சுவர் மேல் படுத்திருந்தது. ஊரில் ஒவ்வொருவர் தோப்பும் தலைகுப்புறக் கிடந்த நேரத்திலும் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டபோது பணம் வந்தது. அடுத்த வருடம் கல்விச் சீர் எடுத்தோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய்மாமன் சீர் போலவேதான். தட்டுகளில் பழம், வெற்றிலை, பூ, பிறகு பீரோ, நாற்காலி, மேசை, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், எவர்சில்வர் தட்டு, டம்ளர் என்று பொருள்கள், முன்னால் மேளம், நடுவில் வெடி. கோயிலிலிருந்து கிளம்பி தெரு சுற்றிப் பள்ளி வாசலுக்கு வந்தோம். பெரிய சார் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்றார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம். 1950களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்கள் இப்படித்தான் கரும்பலகையும் பெஞ்சும் கொண்டுவந்து கொடுத்தன என்று அன்றைக்கு மைக்கில் பேசினார். எங்கள் பள்ளியில் கால் ஆடும் பெஞ்சு ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பெயர் பாதி அழிந்திருக்கும். என் தாத்தா பெயர் என்று அப்பா சொல்வார். ரொம்ப நாள் நானும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

புது டீச்சர்

பெரிய சார் 2023 மே மாதத்தோடு ஓய்வு பெற்றார். பதினான்கு வருடம் இருந்தவர். வேன் வைத்து, மாலை போட்டு, அவர் சொந்த ஊர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இடமாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஒரு டீச்சர் வருகிறார் என்று தெரிந்ததும் விசாரித்தோம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். 'கறாரான ஆளு', 'யாருகிட்டயும் ஒட்ட மாட்டாங்க', 'வேல பாப்பாங்க' என்று மூன்று விதமாகத் தகவல் வந்தது. ஜூன் 14 பள்ளி திறந்த அன்று பூங்கொத்து, சால்வை, ஒரு ஸ்வீட் பாக்ஸோடு போனோம். சால்வையை வாங்கி மடித்து மேசைமேல் வைத்தார். ஸ்வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஸ்கூட்டியில் வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. நாங்கள் பள்ளியைச் சுற்றிக் காட்டினோம். ஸ்மார்ட் டிவி, 42,000 ரூபாய், சிங்கப்பூர் நண்பர்கள். பீரோ, இன்னார் நினைவாக. மின்விசிறி ஒவ்வொன்றின் இறக்கையிலும் உபயம். சுவர்க் கடிகாரத்தில் முள்ளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுவதைக் கிண்டல் செய்யும் ஆட்கள்தான் நாங்களும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டார்: "இந்தப் பள்ளிக்கூடத்துல பேர் எழுதாத பொருள் ஏதாவது இருக்கா சார்?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். எனக்குச் சட்டென்று எதுவும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கடைக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர் தீர்மான நோட்டு கேட்டாங்க" என்றான். நோட்டு என் கடையில்தான் இருக்கும். ரீசார்ஜ் நோட்டுக்குக் கீழே. கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். 2022இல் குழுவை மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்தார்களே, அப்போதிலிருந்து. இருபது பேர், அதில் 15 பேர் பெற்றோர். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே இருப்பது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அரைமணி நேரம் இருக்கும். எனக்குக் கடையில் ஆள் காத்திருந்தது. கடைசியில் நிமிர்ந்து, "பதினஞ்சு பேரும் ஒரே பேனாவுல போட்டிருக்காங்களே சார்" என்றார்.

"என் பேனாதான் டீச்சர்" என்றேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "எல்லாரும் ஒரு நேரத்துல வர மாட்டாங்க. நான்தான் வீடு வீடாப் போயி வாங்கிட்டு வருவேன்."

"கூட்டம்?"

"நாங்க ஏழெட்டுப் பேரு வந்துருவோம் டீச்சர். அதெல்லாம் ஒரு மாசம்கூட விட்டதில்ல."

அது பொய் இல்லை. ஒரு மாதம்கூட விட்டதில்லை.

மூன்று மணி

கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. நேரம் மேலிருந்து வருவது. எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரம் அது. ஒருவர் ரைஸ்மில், ஒருவர் எல்.ஐ.சி., ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து சும்மா இருப்பவர், இரண்டு பேர் வீட்டில் இருக்கும் அம்மாக்கள். டீ வரும், வடை வரும், பேசுவோம். நன்றாகவே பேசுவோம். எந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பதுவரை பேசியிருக்கிறோம்.

குழுவில் மீதிப் பேர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? நூறு நாள் வேலையில். அந்த வருடம் ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் செயலியில் போட்டோ பிடித்து வருகைப்பதிவு என்று ஆகிவிட்டது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. இரண்டாவது போட்டோவில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. கண்மாய்க் கரையிலிருந்து மண்வெட்டியை வைத்துவிட்டு மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்து போவது நடக்கிற காரியம் இல்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்திருக்கிறேன். அதனால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதை ஓர் உதவியாகத்தான் நினைத்தேன்.

போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குழுத் தலைவர் ஒரு தாய். பெண்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தது நல்ல மனதோடுதானா, யாரும் தொந்தரவு செய்யாத தலைவர் வேண்டும் என்றா என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்து இருந்திருக்கும். பெயர் வேண்டாம். தலைவர் என்றே எழுதுகிறேன். ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நான் உட்பட. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பைக்கில் போவேன். வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன். வண்டியை விட்டு இறங்க மாட்டேன், இன்ஜினையும் அணைக்க மாட்டேன். "ஏம்மா, ஒரு கையெழுத்து" என்பேன். அவர் அடுப்பிலிருந்து எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார். நோட்டைப் பின் சீட்டில் விரித்து, விரலால் இடம் காட்டுவேன். சீட் அதிர்ந்துகொண்டிருக்கும். அவர் பெயரில் ஐந்தெழுத்து. ஒவ்வொன்றாகத்தான் போடுவார். கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அவருக்கு எழுதப் பழக்கம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது நோட்டைப் புரட்டினால் அந்த எழுத்து நடுங்கியிருப்பதற்கு என் வண்டிதான் காரணம் என்று தெரிகிறது.

நானா முன்மொழிஞ்சேன்?

ஜூலைக் கூட்டத்தை டீச்சர் இரண்டாக நடத்தினார். மூன்று மணிக்கு வழக்கமானது. சாயங்காலம் ஐந்தரைக்கு இன்னொன்று, வேலைக்குப் போய்த் திரும்பியவர்களுக்காக. இரண்டாவதுக்கும் வரச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான். கடையில் ஆன்லைன் வேலை குவியும் நேரம் அது. போனேன். நோட்டு என்னிடம்தானே இருந்திருக்கிறது, விளக்கம் கேட்டால் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இருபது இருபத்திரண்டு பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். சில பேர் காலில் கண்மாய் மண் காயவில்லை. நாற்காலி போட்டிருந்தும் முதலில் யாரும் உட்காரவில்லை. டீச்சர் தானே தரையில் உட்கார்ந்தார். "தலைவரம்மா, நீங்க நாற்காலில உக்காருங்க. தலைவர் நின்னா நாங்க எப்படிக் கூட்டம் நடத்துறது?" என்றார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எழுந்து ஓடத் தயாராக இருப்பவரைப் போல.

அப்புறம் டீச்சர், "போன வருஷத் தீர்மானங்கள ஒருக்கா வாசிச்சுருவோம்" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தார். அவள் தலைவரின் மகள். வேண்டுமென்றே கூப்பிட்டாரா என்று பிறகு கேட்டேன். "நல்லா வாசிக்கிற பிள்ள, கூப்பிட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

பிள்ளை நன்றாக வாசித்தது. பாடப்புத்தகம் வாசிக்கும் ராகத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு. "தீர்மானம் மூன்று. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆசிரியருக்கு ஊதியம் வழங்கும் பொருட்டு ஒவ்வொரு மாணவருக்கும் மாதந்தோறும் ரூபாய் இருநூறு பெற்றோரிடம் பெறுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்…" இந்த இடத்தில் நின்றுவிட்டது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. "அம்மா, ஒன் பேரு."

பெண்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "நானா முன்மொழிஞ்சேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்மொழிவது என்றால் என்னவென்று பக்கத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்க, இன்னொருவர், "வேணும்னு மொத ஆளாச் சொல்றது" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் இருக்காது.

"நான் வேணாம்னுதானேண்ணே சொல்லிருப்பேன்," என்றார் தலைவர், அதே சிரித்த முகத்தோடு. "ரெண்டு பிள்ளைக்கும் நானூறு ரூவா. கூலி வந்து மூணு மாசமாச்சு. குடுக்கலன்னா லிஸ்ட்ல பேர் வருதுன்னு பெரியவ பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. நானே எப்படிண்ணே முன்மொழிவேன்?"

லிஸ்ட் என்பது நான் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மாதம் ஐந்தாம் தேதி. கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே பச்சை டிக். கொடுக்காதவர்கள் பெயரை நான் போட்டதே இல்லை, பெயர் கெடக் கூடாது என்று. டிக் இல்லாத பெயர்கள் யார் யார் என்று எண்ணத் தெரியாத ஊரா இது? டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் விரித்து வைத்தார். அந்தப் பிள்ளையின் வரிசையில் விரலை ஓட்டினார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஐந்தாம் தேதியை ஒட்டி மூன்று நான்கு நாள் வராத குறி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. பள்ளியை மூடிவிடாமல் காப்பாற்ற வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்து வந்தவர்களில் நானும் ஒருவன். அதே பிள்ளைகளை மாதம் நான்கு நாள் வீட்டில் நிறுத்தியவனும் நான். அன்றைக்கு நோட்டில் கையெழுத்துப் போடும்போது என் பேனாவை யாரும் கேட்கவில்லை. டீச்சர் மேசையிலிருந்து நான்கைந்து பேனா எடுத்து வைத்திருந்தார்.

அதன் பிறகு, "உங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல என்ன வேணும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதலில் வந்த பதில், பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். உடைந்து எட்டு மாதமாகிறது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டாவது, காலையில் எட்டு மணிக்கே கேட்டைத் திறந்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் எட்டுக்கே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்பது வரை பிள்ளைகள் ரோட்டு ஓரத்தில் நிற்கிறார்கள். எட்டு மாதத்தில் நாங்கள் எட்டுக் கூட்டம் போட்டிருக்கிறோம். ஸ்மார்ட் டிவிக்கு ஸ்டெபிலைசர் வாங்கியது அதில் ஒரு கூட்டத்தில்தான். என் மகள் ஒன்பது மணிக்கு என் பைக்கில் வருபவள், பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுபவள். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தாழ்ப்பாள் 85 ரூபாய். மறுநாள் நானே வாங்கிக்கொண்டு போய், ஸ்க்ரூ முடுக்கி மாட்டினேன். கழிப்பறையில் இரண்டு எவர்சில்வர் வாளிகள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் டீச்சர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. கல்விச் சீர் ஊர்வலத்தில் கடைசியாகக் காலனிப் பெண்கள் தூக்கி வந்த ஆறு வாளிகளில் மிச்சம் இவை. அவற்றில் பெயர் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த நாள் போட்டோவைத் தேடிப் பார்த்தேன். வாளிகள் தெரிந்தன. தூக்கி வந்தவர்கள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தார்கள்.

அறுபத்தொன்று

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. இருநூறு ரூபாய் நின்றது. கட்டாயக் கல்வி என்றால் இலவசக் கல்வி, பிள்ளை படிப்பதற்குத் தடையாக எந்தக் கட்டணமும் கூடாது என்று சட்டம் சொல்வதை டீச்சர் மூன்று மணிக் கூட்டத்தில் வரி வரியாகப் படித்துக் காட்டினார். முடிந்தவர்கள் மட்டும் கொடுக்கிறோமே என்றோம். 'முடிந்தவர்' பட்டியல் ஒன்று இருந்தால் மற்றவர்களுக்கும் ஒரு பட்டியல் தானாக உண்டாகிவிடும் என்றார். இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த பெண் எங்கள் ஊர்ப் பெண். பி.எட். முடித்தவள். மாதம் 6,000 ரூபாய்க்குத்தான் வந்தாள், ஆனால் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஜூலையோடு நின்றுவிட்டாள். அவள் கணக்குத் தீர்க்கக் கடைக்கு வந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு டீச்சர்மேல் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணிடம் நேரில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டத்தில் சரியாக இருப்பவர்களுக்குச் சில நேரம் இந்தக் குறை உண்டு.

சிங்கப்பூர் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வரிசையாக வெளியேறினார்கள். ரைஸ்மில்காரர் தன் பையனை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாவது ஆசிரியர். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. 71 பேரோடு திறந்த பள்ளி ஜூலை கடைசியில் 65இல் நின்றது. இன்னும் ஐந்து பேர் போனால் ஒரு டீச்சர் உபரி என்று வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. 2013 திரும்பி வருகிறது என்றே நினைத்தேன். டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "உங்களுக்கு அடுத்த கலந்தாய்வு இருக்கு டீச்சர், எங்களுக்கு இந்த ஒரு பள்ளிக்கூடந்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மாக்களுக்கும் இந்த ஒரு பள்ளிக்கூடந்தான் சார்" என்றார்.

போனவர்கள் போனதுதான். அதற்குமேல் யாரும் போகவில்லை. ஆகஸ்ட் 1 அன்று 67. பக்கத்துச் செங்கல் காளவாசலில் வேலை செய்யும் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகளைத் தலைவர்தான் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் வராவிட்டாலும் 65 இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு அந்த இரண்டு பேர் பெரிதாகத்தான் பட்டது. அந்த மாதம் 25ஆம் தேதி காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியற்காலையிலேயே சமைக்க அம்மாக்கள் பள்ளிக்குள் இருந்ததால் கேட் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. நாங்கள் எத்தனை வருடம் கேட்டிருந்தாலும் ஓர் ஊரின் பணத்தில் தினமும் நடக்கக்கூடிய காரியமில்லை அது. புதன்கிழமைப் பொங்கல் வாசம் என் கடை வரை வரும்.

இன்னும் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதவை இருக்கின்றன. அந்த டிவி ஸ்டெபிலைசரும் தேவைதான். மூன்று மணிக்கு வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிய ஏழு பேரின் அக்கறை போலி இல்லை. ஊரில் காசும் நேரமும் உள்ளவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதை 19 பிள்ளைகளோடு ஒருமுறை பார்த்துவிட்டோம். டீச்சரிடம் இதைச் சொல்லும்போது, "நான் அத இல்லன்னு சொல்லலயே" என்பார். அவ்வளவுதான் சொல்வார். நான் யோசித்து யோசித்துக் கடைசியில் வந்து நிற்பது ஒரு சொல்லில். ஒருமனதாக. அந்த நோட்டில் நான் எழுதிய எல்லாத் தீர்மானங்களிலும் அது இருக்கிறது. அரசாங்கத் தாளுக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது. ஒரு மனது எழுதி, பதினைந்து பேரிடம் வாங்கி வந்தது.

2024 ஜூலையில் கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. அவருடைய அம்மாவைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். டீச்சர் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. "நீங்க கொண்டுபோறீங்களா சார்?" என்று என்னிடம் நோட்டைக் கொடுத்தார். "வாசிச்சுக் காட்டிட்டு வாங்குங்க."

ஆறு மணிக்குமேல் போனேன். வண்டியை அணைத்து ஸ்டாண்ட் போட்டேன். "உள்ள வாங்கண்ணே" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரும் அதைக் கவனித்திருப்பார். பெரியவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள், இன்னும் வீடு திரும்பவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் இருந்தான். நான் வாசிக்க வாயெடுத்தேன். "நீங்க இருங்கண்ணே, அவன் வாசிப்பான்" என்றார். பையன் நோட்டைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரலை வைத்து நகர்த்தினான். மூன்று தீர்மானத்துக்கு இருபது நிமிடம் ஆனது. டீ ஆறிவிட்டது. நடுவில் எழுத்து முட்டினால் அவன் என்னைப் பார்ப்பான். நான் சொல்லப் போவேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைப்பார். "ஒரு… மன… தாக" என்று அவன் தட்டுத்தடுமாறி முடித்தபோது தலைவர் கேட்டார்.

"அன்னைக்கு எத்தன பேருண்ணே வந்திருந்தாங்க?"

"பதினொரு பேரும்மா."

"அப்ப பதினொரு பேருன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பேனாவை நீட்டினேன். பையன் பள்ளிப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அவர் நோட்டை மடியில் வைத்து ஐந்தெழுத்தையும் கோட்டின் மேலேயே போட்டார்.